குறைந்த ஓட்டத்துக்குப் பெற்றோல் காரா, டீசல் காரா?

கிளிநொச்சியில் வீடு, பரந்தனில் பள்ளிக்கூடம். பின்னேரம் சந்தை, வெள்ளிக்கிழமை கோயில். எல்லாம் கூட்டினாலும் மாதம் 500 கிலோமீற்றர் தாண்டாது. இந்த ஓட்டத்துக்கு மூன்று வருடம் டீசல் கார் வைத்திருந்தேன். போன வருடம் அதை விற்றுப் பெற்றோல் கார் எடுத்தேன். ஆகவே நான் பெற்றோல் பக்கம்தான்.

டீசலுக்கு இழுவை கூட, லீற்றருக்கு ஓட்டமும் கூட. பெற்றோல் சத்தம் குறைவு. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். என் டீசல் கார் லீற்றருக்கு 18 கிலோமீற்றர் ஓடியது, இப்போதையது 14. 500 கிலோமீற்றருக்கு வித்தியாசம் எட்டு லீற்றர்தான். அந்த எட்டு லீற்றரை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் நான் கராஜில் காசைக் கொட்டினேன்.

புதிய டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. கராஜில் டீபீஎஃப் என்பார்கள். சேர்ந்த கரி தானாக எரிய வேண்டுமென்றால் அதற்குள் 600 பாகை செல்சியஸ் அளவில் சூடு ஏற வேண்டும். நீண்ட தூரம் ஒரே வேகத்தில் ஓடினால் அந்தச் சூடு வரும். பரந்தன் போய் நிறுத்தினால் வராது. எங்கள் ஊர் வெயிலுக்கு எஞ்சின் கெதியாய்ச் சூடாகும் என்று நானும் நம்பியிருந்தேன். 35 பாகை வெயில் அதற்கு எந்த மூலைக்கு!

வடிகட்டி அடைக்கிறது என்று காட்டும் விளக்கு எரிந்தபோது மெக்கானிக், "சேர், மாங்குளம் மட்டும் நிற்பாட்டாமல் ஓடிப்போட்டு வாங்கோ" என்றார். ஓடினேன், விளக்கு அணைந்தது. இரண்டு கிழமையில் திரும்பவும் எரிந்தது. கரியை எரிக்கக் கார் கூடுதலாகத் தெளிக்கும் டீசல், எரிந்து முடிய முதல் நாங்கள் எஞ்சினை நிறுத்துவதால், ஒயிலோடு கலக்கிறது. ஒயில் நீர்த்துப்போகிறது. கடைசியில் வடிகட்டியைக் கழற்றிக் கழுவி, எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒன்றும் மாற்றிய செலவு, மூன்று வருடமாக எரிபொருளில் மிச்சம் பிடித்ததைவிடக் கூட.

வன்னியில் இன்னொரு நியாயம் சொல்வார்கள். வீட்டில் உழவு இயந்திரம் நிற்கிறது, பரலில் டீசல் இருக்கிறது, காருக்கும் அதையே விடலாமே என்று. என் மாமா அப்படிச் சொல்லித்தான் என்னை டீசல் எடுக்க வைத்தார். புதிய டீசல் எஞ்சினின் இன்ஜெக்டர் மிக உயர்ந்த அழுத்தத்தில் வேலை செய்வது. பரலில் ஊறிய தண்ணீரும் தூசும் அதற்கு நஞ்சு. பழைய டொல்பின் வான் போன்றவற்றில் இந்த வடிகட்டி இல்லை, அவை இன்னும் தாக்குப்பிடிக்கின்றன. ஆனால் அப்படியொன்றை நான் சொந்தமாக வைத்திருந்ததில்லை.

விற்கும்போது எது விலை போகும்? என் டீசல் கார் ஒரு மாதத்தில் போனது, நல்ல விலைக்குத்தான். ஒரு காரை வைத்து இதற்குமேல் சொல்ல மாட்டேன். ஹைபிரிட்டும் ஓடிப் பார்த்ததில்லை.

தினமும் வவுனியா போய் வருகிறவர், தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றுகிறவர் டீசலே எடுக்கட்டும், ஏ9 வீதியில் அந்த வடிகட்டி தன்பாட்டில் சுத்தமாகும். என்னைப்போல ஊருக்குள் ஓடுகிறவர் பெற்றோல் எடுங்கள். அப்புறம் ஒயிலைக் கிலோமீற்றர் பார்த்து மாற்றாதீர்கள், ஆறு மாதத்துக்கு ஒருதரம் மாற்றுங்கள். குறைந்த ஓட்டம் பெற்றோல் எஞ்சினின் ஒயிலையும் கெடுக்கும்.