மசாலா பாட்டிலுக்கு மரத் தூக்குப்பெட்டி: பெருந்துறைப் பக்கத்துப் பட்டறை வேலை

அஞ்சறைப் பெட்டி அடுப்படியோடு சரி. மொட்டை மாடியிலோ தோட்டத்துச் சாளையிலோ கரி மூட்டிக் கோழி வாட்டும்போது ஆறு மசாலாவும் ஒரே கையில் வந்து சேர வேண்டுமென்றால் கைப்பிடி வைத்த பெட்டிதான் தோது. பெருந்துறைப் பக்கம் ஒரு தச்சுப் பட்டறையில் இதைச் சொல்லிச் செய்கிறார்கள். ஆறு பாட்டில் அளவுக்கு மாமரத்தில் 1,400 ரூபாய், தேக்கில் 2,600. மூட்டு வேலைக்கு அந்தக் காசு தகும். அடிப்பலகைக்கும் பாலிஷுக்கும் தகாது. அந்த இரண்டையும் முன்கூட்டியே சொல்லிச் செய்யச் சொன்னால் தாராளமாக வாங்கலாம்.

பட்டறையில் முதல் கேள்வியே "பெட்டி என்ன அளவுங்க?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்லாமல் பாட்டிலைக் கையில் கொடுத்துவிடுங்கள். 200 மில்லி கண்ணாடி பாட்டில் இரண்டரை அங்குல விட்டம், நாலு அங்குல உயரம் என்று வைத்துக்கொண்டால், சுற்றிலும் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) இடம் விட்டு அறை இரண்டே முக்கால் அங்குலம் வர வேண்டும். இந்த ஒரு நூல் இல்லாவிட்டால் மழைக்காலத்தில் மரம் உப்பி பாட்டில் சிக்கிக்கொள்ளும். இழுத்தால் மூடி மட்டும் கையோடு வரும். வரிசைக்கு மூன்று அறை, நடுவில் மூன்று நூல் தடுப்பு இரண்டு, ஆக உள்நீளம் 9 அங்குலம். இரண்டு வரிசைக்கு நடுவே கைப்பிடிப் பலகை அரை அங்குலம், உள் அகலம் 6. சுவர் அரை அங்குலம் என்றால் வெளியே 10க்கு 7. சுவர் உயரம் மூன்றரை போதும், பாட்டில் கழுத்து வெளியே தெரிந்தால்தான் விரலால் பிடிக்க வரும்.

மூலைகளில் ஆணியே இல்லை. பல் பல்லாக வெட்டி ஒன்றுக்குள் ஒன்று கோத்து, தண்ணீர் தாங்கும் பசை போட்டிருக்கிறார்கள். நகம் நுழையாத அளவுக்கு இறுக்கம். தடுப்புகள் ஒரு நூல் ஆழத்துக்கு வெட்டிய காடிப் பள்ளத்தில் உட்கார்ந்திருப்பதால் ஆட்டமில்லை. பெட்டி, பாட்டில், பொடி அத்தனையும் தொங்குவது நடுவிலிருக்கும் கைப்பிடிப் பலகையில். அதன் மர ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும், கைத்துளைக்கு மேலே ஒன்றேகால் அங்குலமாவது கட்டை மிஞ்ச வேண்டும். ரேகையை மேலும் கீழுமாக வைத்தால் தூக்கும்போது துளைக்கு மேலே படக்கென்று முறிந்துவிடும். பட்டறை இதைச் சரியாகவே செய்கிறது. துளை விளிம்பை மட்டும் உப்புத்தாள் போட்டு உருட்டச் சொல்லுங்கள், உள்ளங்கையில் வெட்டுகிறது.

கோளாறு அடிப்பலகையில். ஒரே மாம்பலகையை நாலு பக்கமும் ஆணி அடித்து இறுக்கிவிடுகிறார்கள். மரம் நீளவாக்கில் அநேகமாக அசையாது, அகலவாக்கில் அசையும். பங்குனி வெயிலில் சுருங்க இடமில்லாமல் நடுவே விரிசல் விடும்; ஐப்பசி மழையில் உப்பி மூலை மூட்டையே தள்ளும். சுவரின் அடியிலிருந்து இரண்டு நூல் மேலே காடி போட்டு, அதற்குள் பலகையைப் பசையில்லாமல், இரு பக்கமும் அரை நூல் விட்டுச் செருகச் சொல்லுங்கள். 6 மில்லிமீட்டர் பிளைவுட் என்றால் அந்தக் கவலையும் இல்லை. பார்வைக்குக் கொஞ்சம் மட்டம், அவ்வளவுதான்.

மரம் எதுவானாலும் சேகு, அதாவது நடு வயிரப் பகுதி, பார்த்து வாங்க வேண்டும். தேக்கிலேயே வெள்ளைப் பகுதியை வண்டு துளைக்கும், மாமரத்தில் கேட்கவே வேண்டாம். பெட்டிக்குக் கீழே மாவு மாதிரி தூள் உதிர்ந்தால் உளுப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

உள்ளேயும் வார்னிஷ் அடித்துக் கொடுக்கிறார்கள். வேண்டாம். வாசம் வாரக்கணக்கில் போகாது, மல்லி வாசத்தோடு சண்டை போடும். தேங்காய் எண்ணெய் பூசுகிறவர்கள் உண்டு. அது காயாது, சிக்கு வாடை அடிக்கும். மருந்துக்கடை லிக்விட் பாரஃபின் 100 மில்லியில் 25 கிராம் தேன்மெழுகைப் போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கித் துணியால் தேய்த்தால் போதும். நேரடித் தீயில் உருக்கக் கூடாது. ஓர் இரவு விட்டுத் துடைத்து, இன்னொரு பூச்சு.

பொடியை அறைக்குள் அப்படியே கொட்டிவைக்கிற யோசனையே வேண்டாம். மரம் எண்ணெயைக் குடிக்கும், கிராம்பு வாசம் எல்லா அறைக்கும் பரவும், இடுக்கில் வண்டு குடியேறும். மேல்நாட்டுப் பார்பிக்யூ கலவையில் பழுப்புச் சர்க்கரை, பாப்ரிகா, உப்பு எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து வைப்பார்கள். இங்கே உப்பையும் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையையும் தனித்தனியாக வைப்பதே நல்லது, இரண்டும் ஈரத்தை இழுத்துப் பொடியைக் கட்டியாக்கிவிடும். சர்க்கரை முதலிலேயே போட்டால் கருகும். இறக்குவதற்குச் சற்று முன்னால் தூவினால் போதும். உப்பு, கிலோ கோழிக்கு 15 கிராம். மீதி நாலு பாட்டிலில் மிளகாய்த்தூள், வறுத்த மல்லி சீரகம், மிளகு, மஞ்சள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளானாலும் வெளிச்சத்தில் நிறம் போகும், மாடி வெயிலில் பெட்டியை மணிக்கணக்காக விடாதீர்கள். பள்ளிபாளையம் ருசி வேண்டுமென்றால் மிளகாய்த்தூளை எடுத்துவிட்டு விதை நீக்கிய வரமிளகாய் வைக்கலாம், ஆனால் அதற்கு வாயகன்ற பாட்டில் வேண்டும்.

ஓட்டை மூடி பாட்டிலை நேராக அடுப்பின் மேல் உதறாதீர்கள். ஆவி ஏறி ஓட்டைகள் அடைத்துக்கொள்ளும். கரண்டியில் எடுத்துத் தூவுங்கள்.

பெட்டிக்கு மூடி வேண்டுமா என்று பட்டறையில் கேட்பார்கள், 350 ரூபாய் கூடுதல். கைப்பிடி இடிக்கும், பாட்டிலுக்கே மூடி இருக்கிறது. அந்தக் காசுக்குப் பக்கச் சுவரில் இடுக்கி மாட்ட இரண்டு பித்தளைக் கொக்கி போட்டுத் தரச் சொல்லுங்கள்.