பழைய சர்ஃப் போர்டு வாங்கி 18,500 ரூபாய் இழந்தேன்: சென்னைக் கோவளம் பக்கம் புதிதாகக் கற்பவர்கள் கவனிக்கவும்

சென்ற சனிக்கிழமை மாலை 18,500 ரூபாய் கொடுத்துப் பழைய சர்ஃப் போர்டு (அலைச்சறுக்குப் பலகை) ஒன்றை வாங்கினேன். இன்று வியாழன் இரவு. அந்த போர்டு எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் மேல் சாய்ந்து நிற்கிறது. நான்கு நாள் வெயிலில் காய்ந்த பிறகும் அதன் வால்பக்கத்து ஃபின் (அடியில் செருகும் சிறு துடுப்பு) குழியைச் சுற்றி உப்புநீர் கசிந்துகொண்டிருக்கிறது. பணம் திரும்பி வராது என்பது இன்று பிற்பகல் உறுதியாகிவிட்டது. என்னைப் போல் மூன்று வகுப்புக்குப் போனதுமே சொந்த போர்டுக்கு ஆசைப்படுகிறவர்கள் யாரும் அதே கையில் சிக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். பழைய போர்டை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதையும் முடிவில் சொல்கிறேன்.

எனக்கு வயது 38, எடை 71 கிலோ. பிறருடைய கணக்குகளைத் தணிக்கை செய்வதுதான் என் பிழைப்பு என்பதையும் வெட்கத்தோடு இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்து, அதில் இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்ற செய்தியைப் படித்த நாளிலிருந்து எனக்கு இந்த ஆசை. இந்த ஆண்டு ஆனியில்தான் கோவளத்தில் வகுப்புக்குப் போகத் தொடங்கினேன். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இந்தக் கரைக்கு ஒழுங்கான அலை வரும், ஐப்பசி பிறந்தால் கடல் புரளத் தொடங்கிவிடும், அதற்குள் எழுந்து நிற்கக் கற்றுவிட வேண்டும் என்று ஓர் அவசரம். ஒவ்வொரு முறையும் வாடகை கொடுப்பதற்குச் சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாமே என்று கணக்குப் போட்டேன். எனக்குக் கற்றுக்கொடுக்கும் தம்பி மீனவக் குடும்பத்துப் பிள்ளை; "அவசரப்படாதீங்க அக்கா, இன்னும் பத்து தடவை எங்க சாஃப்ட் போர்டுலயே வாங்க" என்று அவர் சொன்னார். (சாஃப்ட் போர்டு என்றால் மேலே மெத்தென்ற நுரை போர்த்திய, கற்பவர்களுக்கான போர்டு.) நான் கேட்கவில்லை.

பழைய பொருள்களைத் தனியார் ஒருவருக்கொருவர் விற்றுக்கொள்ளும் செயலி ஒன்றில் அந்த விளம்பரம் இருந்தது. கோடு போட்ட நீலப் போர்வையின் மேல் வெள்ளை போர்டு கிடந்த படத்தின் கீழே, "எபாக்சி, குறைவாகப் பயன்படுத்தியது, கற்பவர்களுக்கு ஏற்றது" என்று எழுதி, 20,000 ரூபாய் விலை போட்டிருந்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓர் உணவகத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் சந்திப்பதாகப் பேசிக்கொண்டோம். விற்பவர் ஆறரை மணிக்கு வருவதாகச் சொல்லி, ஏழே காலுக்கு, இருட்டிய பிறகு வந்தார். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. (அவர், இவர் என்று மரியாதையாக எழுதுவது கைப்பழக்கம்தான், மனத்தில் அந்த மரியாதை இல்லை.)

நான் ஏமாந்த இடத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்றால், அது போர்டைப் பார்த்த இடமன்று, அவரைப் பார்த்த இடம். காரின் பின்கதவைத் திறந்து, போர்வையை விலக்கி, தூங்கும் குழந்தையைத் தூக்குவதுபோல் போர்டை வெளியே எடுத்தார். மேற்புறம் முழுவதும், கால் வழுக்காமல் இருக்கப் பூசும் மெழுகு புதிதாகப் பூசியிருந்தது. தேங்காய் வாசனை வந்தது. "அக்கா, நான் இதுலதான் கத்துக்கிட்டேன். வேலை பெங்களூருக்கு மாறிடுச்சு, இல்லன்னா இதை விக்கவே மாட்டேன்" என்று சொல்லும்போது அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. சின்ன போர்டாக இருக்கிறதே என்று கேட்டதற்கு, பெரிய போர்டில் பழகினால் சோம்பல் வந்துவிடும், சின்னதில் தொடங்கினால் சீக்கிரம் வந்துவிடும் என்றார். மூன்று ஃபின்னில் ஒன்றைக் காணோமே என்றேன்; எந்தக் கடையிலும் கிடைக்கும் என்றார். பிறகு, ஆடித் தள்ளுபடி என்று சிரித்துக்கொண்டே 1,500 ரூபாய் குறைத்து, பாதி தேய்ந்த மெழுகுக் கட்டி ஒன்றையும் இலவசமாக என் கையில் வைத்தார். அந்த மெழுகுக் கட்டியில் நான் விழுந்துவிட்டேன். இனாமாக ஒன்றைக் கொடுப்பவன் ஏமாற்றமாட்டான் என்று எந்தக் கணக்குப் புத்தகத்தில் படித்தேனோ தெரியவில்லை. யுபிஐயில் 18,500 ரூபாய் அனுப்பும்போது திரையில் வேறொரு பெயர் வந்தது. "அம்மா கணக்கு அக்கா" என்றார். அதையும் நம்பினேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கோவளம் கடலில் இறங்கினேன். போர்டின் மேல் படுத்ததுமே அது மார்பளவுக்கு என்னைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டது. கையால் துழாவினால் நகரவில்லை. அலை வந்தால் போர்டின் முனை முதலில் உள்ளே போயிற்று. அரை மணி நேரம் மூக்கிலும் வாயிலும் உப்புநீர் குடித்துவிட்டுக் கரையேறியபோது, காலையில் ஒரு கையில் இடுக்கிக்கொண்டு வந்த போர்டை இரண்டு கையாலும் இழுத்து வர வேண்டியிருந்தது.

என் ஆசிரியர் வகுப்பை முடித்துவிட்டு வந்தார். எதுவும் பேசாமல் போர்டைத் தூக்கி எடை பார்த்தார். பிறகு மணலில் கவிழ்த்துப் போட்டு, தர்ப்பூசணி வாங்குபவர் தட்டுவதுபோல முனையிலிருந்து வால் வரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். முன்பாதியில் கணீரென்று வந்த ஓசை, நடுவுக்கு வந்ததும் ஈரத்துணியைத் தட்டியதுபோல் அமுங்கிவிட்டது. திருப்பிப் போட்டு அங்கே கட்டைவிரலால் அழுத்தினார். மேல்தோல் உள்ளே குழிந்து மீண்டும் உப்பியது. என் பையிலிருந்து காலாவதியான ஏடிஎம் அட்டையை வாங்கி, அந்தத் தேங்காய் மணக்கும் மெழுகைச் சுரண்டத் தொடங்கினார். மெழுகு சுருள் சுருளாக உதிர, அடியில் போர்டின் அகலத்துக்கு ஒரு கோடு தெரிந்தது. கோட்டின் இருபுறமும் வெள்ளைப் பெயின்ட் மட்டும் கொஞ்சம் கூடுதலான வெள்ளையாக இருந்தது. "இது ஒரு தடவை ரெண்டா உடைஞ்ச போர்டு அக்கா. ஒட்டி, பெயின்ட் அடிச்சு, மேல மெழுகு போட்டிருக்காங்க."

எபாக்சி போர்டு என்றால் உடையாது என்று நான் நினைத்திருந்தேன். மேலே இருக்கும் கண்ணாடியிழைத் தோலை இறுக்கிப் பிடிக்கும் பிசின்தான் எபாக்சி. உள்ளே இருப்பது பெரும்பாலும் தெர்மாகோல்தான். தோலில் ஒரு விரிசல் விழுந்தால், மணிகளுக்கு இடையே தண்ணீர் புகுந்து தங்கிவிடுகிறது. பிறகு அதை வெளியேற்றுவது பெரும்பாடு. ஆனால் உடையாமல் இருந்திருந்தாலும் இது எனக்கு உதவாத போர்டு என்பதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். அடிப்பக்கத்தில் பென்சிலால் ஐந்தடி பதினோரு அங்குலம், 26.5 லிட்டர் என்று எழுதியிருக்கிறது. அந்த லிட்டர் கணக்குதான் போர்டு நம்மை எவ்வளவு மிதக்கவைக்கும் என்பதற்கான அளவு என்றும், புதிதாகக் கற்பவருக்குக் குறைந்தது தம் கிலோ எடை அளவுக்காவது லிட்டர் வேண்டும் என்றும் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். எனக்கு வேண்டியது எட்டடி நீளமும் எழுபது லிட்டருக்கு மேலும் உள்ள சாஃப்ட் போர்டு. நான் வாங்கியது நன்றாக ஓட்டத் தெரிந்த, ஒல்லியான ஒருவருக்கான போர்டு. எண் எழுதியிருந்தும் நான் படிக்கவில்லை.

அன்று மதியமே விற்றவரை அழைத்தேன். "கடல்ல போட்ட பொருளுக்கு எப்படிக்கா கியாரண்டி கொடுக்க முடியும்?" என்றார். உடைந்து ஒட்டியது தெரியுமா என்று கேட்டேன். "நீங்க பார்த்து, தொட்டு, தூக்கித்தானே வாங்கினீங்க?" என்றார். திங்களன்று எடுத்தவர் வேறு ஒருவர். அவன் ஊருக்குப் போயிருக்கிறான், வந்ததும் பேசச் சொல்கிறேன் என்றார். எந்த ஊர் என்று கேட்டால் பதில் இல்லை. செவ்வாயன்று நான் அனுப்பிய செய்திகளில் ஒற்றை டிக் மட்டுமே விழுந்தது. அதற்குப் பிறகு அவருடைய படமும் மறைந்துவிட்டது.

செயலியில் புகார் எழுதினேன். ஆறே நிமிடத்தில் பதில் வந்தபோது ஒரு கணம் மகிழ்ந்தேன். பொறுமைக்கு நன்றி சொல்லும் இயந்திரப் பதில் அது. மறுநாள் வந்த இரண்டாவது பதிலில், நேரில் சந்தித்துப் பணம் கைமாறிய விற்பனைக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று சொல்லிவிட்டு, இந்தச் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்றும் கேட்டிருந்தார்கள். வங்கியில், நீங்களே ரகசிய எண்ணை அழுத்தி அனுப்பிய 18,500 ரூபாய்க்கு நாங்கள் என்ன செய்ய முடியும் என்றார்கள். இன்று பிற்பகல் காவல் நிலையத்துக்குப் போனேன். கைப்பேசியில் படத்தைக் காட்டியதும், "இது என்னம்மா, அயர்ன் பண்ற பலகையா?" என்று கேட்டார் எழுத்தர். விளக்கிச் சொன்னேன். பொருள் கைக்கு வந்துவிட்டது, பணமும் நீங்களாகக் கொடுத்தது, இது கொடுக்கல் வாங்கல் தகராறு, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார். பேசுவதற்கு எதிர்முனையில் ஆள் இல்லை என்று சொன்னதை அவர் எழுதிக்கொள்ளவில்லை. போர்டைச் சரி செய்யலாமா என்று ஆசிரியரிடம் கேட்டேன். தண்ணீர் வற்ற வாரக்கணக்கில் ஆகும், பிறகு திறந்து ஒட்டினாலும் அதே இடத்தில் மறுபடி உடையும், அந்தச் செலவுக்கு அர்த்தமில்லை என்றார். ஆக, 18,500 ரூபாயும் போயிற்று.

தேர்ந்தெடுக்கும் முறையை விரிவாக எழுத நினைத்தேன். இப்போது அதற்கு மனம் இல்லை. இவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இருட்டிய பிறகு போர்டு பார்க்காதீர்கள். மெழுகைச் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அப்படியே திரும்பிவிடுங்கள். விரல் முட்டியால் தட்டுங்கள், கட்டைவிரலால் அழுத்துங்கள், ஃபின் குழிகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா பாருங்கள். ஃபின் ஒன்று குறைந்தாலும் விலையைக் குறையுங்கள், ஏனென்றால் ஃபின் குழியில் எஃப்சிஎஸ், ஃபியூச்சர்ஸ் என்று வெவ்வேறு வகை உண்டு; எஃப்சிஎஸ் குழிக்கு ஃபியூச்சர்ஸ் ஃபின் பொருந்தாது. எந்தக் கடையிலும் கிடைக்கும் என்பது பொய். அடியில் எழுதியிருக்கும் லிட்டரைப் படியுங்கள். பணம் வாங்கும் கணக்கின் பெயரும் ஆளின் பெயரும் வேறாக இருந்தால் அனுப்பாதீர்கள். கற்றுக்கொடுப்பவரை உடன் அழைத்துச் செல்லுங்கள், ஒரு காலை நேர வாடகைப் பணத்தை அவருக்குக் கொடுத்தாவது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்தச் செயலியை இன்னொரு முறை திறந்து பார்த்தேன். புதிய பெயரில், "கற்பவர்களுக்கு ஏற்றது" என்ற அதே வரியோடு, இன்னொரு வெள்ளை போர்டு விற்பனைக்கு வந்திருக்கிறது. விலை 17,000. அடியில் விரித்திருப்பது அதே கோடு போட்ட நீலப் போர்வை.