எஸ்.எஃப்.6-ஐ மாற்றித் தரும் சேவை: குழாய்க்குச் சரி, பிரேக்கருக்கு இல்லை

ஓடிக்கொண்டிருக்கும் ஜி.ஐ.எஸ். (வாயுக் காப்புள்ள துணைமின்) நிலையத்திலிருந்து, புவியைக் கடுமையாகச் சூடாக்கும் காப்பு வாயுவான எஸ்.எஃப்.6-ஐ (சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு) உறிஞ்சி எடுத்து, அதே கூட்டுக்குள் ஃப்ளூரோநைட்ரைல் (சி4-எஃப்.என்.) வாயுவை வேறு வாயுக்களோடு சேர்த்த கலவையை நிரப்பித் தரும் சேவை இப்போது கிடைக்கிறது. இதற்கு முன்னோடி, இங்கிலாந்தின் ரிச்பரோ 400 கேவி நிலையத்தில் மின்கடத்தல் நிறுவனமான நேஷனல் கிரிட்டுக்காக ஹிட்டாச்சி எனர்ஜி செய்த வேலை. அங்கே மாற்றப்பட்டது ஜி.ஐ.எல். (வாயுக் காப்புக்குள் மின்கடத்தி ஓடும்) குழாய்களின் வாயு.

சேவையின் எல்லையும் அதுதான். குழாய்க்குள் வாயு காப்பு மட்டும் கொடுத்தால் போதும். மின்னோட்டத்தைத் துண்டிக்கும் பிரேக்கரில், தொடர்புகள் பிரியும்போது எழும் மின்வில்லையும் (ஆர்க்) அது அணைக்க வேண்டும். வாயுவைப் பீய்ச்சும் நாசில், அழுத்த எழுச்சி, தொடர்புகள் பிரியும் வேகம் எல்லாம் எஸ்.எஃப்.6-ஐ வைத்து வடிவமைத்தவை. பிரேக்கருக்கும் சேர்த்து விலை சொன்னால், அதே மாடலுக்கான டைப் டெஸ்ட் (மாதிரிக் கருவியில் செய்யும் முழுச் சோதனை) அறிக்கையைக் கேளுங்கள். டிஸ்கனெக்டரில் (பிரித்துவைக்கும் சுவிட்ச்), ஒரு பஸ்ஸிலிருந்து (பொது மின்கடத்தி) இன்னொன்றுக்குச் சுமையை மாற்றும்போது வரும் மின்னோட்டத்துக்கும் தனிச் சோதனை தேவை.

புதிய கருவியில் அழுத்தத்தைக் கூட்டிக் காப்புத்திறனை ஈடுகட்டலாம். பழைய கூட்டில் ரப்சர் டிஸ்க் (அழுத்தம் மிஞ்சினால் உடையும் பாதுகாப்புத் தகடு) அதற்கு இடம் கொடுக்காது, சி4-எஃப்.என். பங்கைத்தான் கூட்ட வேண்டும். அது சாதாரண அழுத்தத்தில் -4.7 டிகிரி செல்சியஸிலேயே திரவமாகிவிடும். பங்கு கூடக் கூட, கருவி தாங்கும் குறைந்தபட்ச வெப்பநிலையும் மேலே ஏறும். குளிர்ப் பகுதியில் இந்த ஒரு எண்ணே வேலையை நிறுத்திவிடலாம். வெப்பக் கடத்தலும் எஸ்.எஃப்.6 அளவுக்கு இருக்காது; முழுச் சுமையில் வெப்ப உயர்வுக் கணக்கு வேண்டும்.

விலைப்பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியது வெற்றிட அளவு, அதாவது பழைய வாயுவை எவ்வளவு குறைந்த அழுத்தம் வரை உறிஞ்சுவார்கள் என்பது. 5 பார் தனி அழுத்தத்தில் 100 கிலோ எஸ்.எஃப்.6 உள்ள அறையில் 20 மில்லிபாரோடு நிறுத்தினால் 0.4 கிலோ உள்ளேயே தங்கும். 24,300 என்ற வெப்பமாக்கல் மதிப்பில் அது ஏறக்குறைய 9.7 டன் கரியமில வாயுவுக்குச் சமம். 1 மில்லிபார் வரை இறக்கினால் அரை டன்தான். மீட்பு இறுதி அழுத்தத்தையும் எடுத்த வாயுவின் எடையையும் அறை வாரியாக எழுதித் தராத ஒப்பந்தம் வெறும் விளம்பரம்.

அறையைத் திறந்ததும் ஈரத்தை உறிஞ்சும் நுண்துளைப் பொருளான மாலிக்யூலர் சீவை மாற்றியே ஆக வேண்டும். துளை பெரிதாக இருந்தால் ஈரத்தோடு ஃப்ளூரோநைட்ரைலையும் விழுங்கி, கலவை விகிதத்தைக் கெடுத்துவிடும். ஓ-ரிங், கிரீஸ் ஆகியவற்றின் பொருத்தச் சான்று தேவை. அதிகம் மறந்துபோவது, வாயு அடர்த்தி குறைந்தால் எச்சரிக்கும் டென்சிட்டி ரிலே: எஸ்.எஃப்.6-க்கு அளவமைத்த பழைய ரிலேயை அப்படியே விட்டால், வெப்பநிலை மாறும்போது அலாரம் பொய் சொல்லும். நிரப்பு வாயின் கப்ளிங்கையும் (குழாய் இணைப்பி) வேறு வகைக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் அவசரத்தில் யாராவது பழைய வாயுவையே ஏற்றிவிடுவார்கள். லேபிள் மட்டும் அதைத் தடுக்காது.

நிரப்பும்போது கலவை சிலிண்டரைச் சூடாக்கிச் சீராக்காவிட்டால், முதலில் வருவது ஒரு விகிதம், கடைசியில் வருவது இன்னொன்று. அறைக்குள் போன பிறகு சி4-எஃப்.என்., ஆக்சிஜன் சதவீதம், பனிநிலை (ஈரத்தின் அளவு) மூன்றையும் அளந்து, பார்ஷியல் டிஸ்சார்ஜ் (காப்புக்குள் நடக்கும் சிறு மின்கசிவு) அளவீட்டோடு உயர் மின்னழுத்தச் சோதனை முடித்தே மின்சாரம் ஏற்ற வேண்டும். எஸ்.எஃப்.6 தூய்மை மீட்டர் இங்கே உதவாது.

டாப்-அப்பில்தான் (குறைந்த வாயுவை மீண்டும் நிரப்புவது) இந்தச் சேவை பலவீனம். கலவையின் சிறு மூலக்கூறுகள் சீல் வழியாக வேகமாகக் கசியும் என்பதால், அழுத்தம் குறைந்ததும் அப்படியே ஏற்றாமல் முதலில் விகிதம் அளக்க வேண்டும். எஸ்.எஃப்.6-க்கு இந்தத் தலைவலி இருந்ததே இல்லை. பகுப்பாய்வுக் கருவியும் தனி வாயு வண்டியும் பராமரிப்புக் குழுவிடம் இல்லையென்றால், ஒவ்வொரு கசிவுக்கும் சேவை நிறுவனத்தையே கூப்பிட வேண்டியிருக்கும்.

எடுத்த எஸ்.எஃப்.6 எங்கே போகிறது என்றும் கேளுங்கள். கசியும் இன்னொரு நிலையத்துக்கு அது டாப்-அப்பாகப் போனால், வாயு இடம் மாறியது மட்டும்தான் மிச்சம்.

சி4-எஃப்.என். பிஃபாஸ் (எளிதில் சிதையாத ஃப்ளூரின் சேர்மங்கள்) வகைப் பொருள். அந்த வகை உற்பத்தியை 2025 இறுதிக்குள் கைவிடுவதாக, இந்த வாயுவைத் தயாரித்த அமெரிக்க நிறுவனமான 3எம் 2022-லேயே அறிவித்துவிட்டது. ஆகவே கையெழுத்துக்கு முன், மீதி ஆயுட்காலத்துக்கு டாப்-அப் கலவையை யார் தருவார் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.