கவிழ்த்துப் போட்ட வள்ளம்: சான் ஸ்டார்முடன் ஏழு ஆண்டுகள்

2018 ஆடி மாதத்தில், கச்சான் காற்று மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு நாளில், இந்த வண்டியை மதுரையிலிருந்து உச்சிப்புளிக்கு ஓட்டிவந்தேன். வீட்டு வாசலில் நிறுத்தி அரை மணி நேரம் ஆகவில்லை. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குக் கிடைக்குமா என்று ஒருவர் வந்து கேட்டார். இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய, மேற்கூரையை மடித்துவிடக்கூடிய சிவப்பு நிறக் கார். ஓட்டுநர் ஒருவர், மாப்பிள்ளை ஒருவர், மணப்பெண்ணை எங்கே உட்காரவைப்பது என்று கேட்டேன். அவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சான் ஸ்டார்மைப் பார்த்திராதவர்களுக்காகச் சுருக்கமாக: கோவாவில் தயாரான கார். ரெனோவின் 1149 சிசி பெட்ரோல் எஞ்சின், சுமார் 60 குதிரைத்திறன். இதை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்கட்டும். எடை குறைவு, உடல் முழுக்கக் கண்ணாடியிழை. கடலுக்கு இவ்வளவு அருகில் இருக்கும் எனக்கு அந்தக் கடைசி விஷயம்தான் ஆசையைக் கிளப்பியது. துருப்பிடிக்காத கார் என்று நினைத்து வாங்கினேன். பாதிதான் சரி. மேலே இருப்பது துருப்பிடிக்காது. அதைத் தாங்கும் எஃகுச் சட்டம் துருப்பிடிக்கும்.

வாங்கிய வாரத்திலேயே ஒரு நோட்டில் திட்டம் எழுதினேன். வண்டியின் உயரத்தை 40 மி.மீ. இறக்குவது, சக்கர வளைவுகளை அகலப்படுத்துவது, மஞ்சள் வண்ணம் அடிப்பது. மற்றவற்றை முந்தைய உரிமையாளரே செய்துவைத்திருந்தார்: 15 அங்குல அலாய் சக்கரம், கதவுக்குக் கீழே இருபுறமும் பாவாடைப் பலகை, பின்னால் ஒரு வால் (ஸ்பாய்லர் என்கிறார்களே, அது). அவரைக் குறை சொல்ல மாட்டேன். கடல் இல்லாத ஊரில் அவை நன்றாகவே நின்றிருக்கும்.

சக்கரத்தின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் அதிகம் பட்டேன். வண்டியில் இருந்தது 195/50 ஆர்15 டயர்: 195 மி.மீ. அகலம், அதில் 50 சதவீதம் ரப்பரின் உயரம், 15 அங்குல ரிம். சக்கரத்தின் மொத்த உயரத்தைக் கணக்குப் போட்டால் 381 மி.மீ. ரிம்மோடு பக்கத்துக்கு 97.5 மி.மீ. ரப்பர், ஆக 576 மி.மீ. 185/60 ஆர்14 போட்டால் 577.6 மி.மீ. வேகமானிக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் ரப்பரின் உயரம் 111 மி.மீ. ஆகிவிடுகிறது. காகிதத்தில் 13.5 மி.மீ. வித்தியாசம், பாம்பன் சாலைப் பாலத்தில் அது முதுகெலும்புக்குத் தெரியும். பாலத்தின் இணைப்புப் பட்டை ஒவ்வொன்றிலும் 15 அங்குலச் சக்கரம் ஓர் அடி கொடுத்தது. இரண்டாம் ஆண்டில் முன் இடது ரிம்மின் விளிம்பு நெளிந்தே போனது. பஞ்சர் வேறு. சீமைக்கருவேல முள்ளைப் பற்றி ராமநாதபுரத்துக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காற்று குறைந்ததைக் கவனிக்காமல் ஒரு கிலோமீட்டர் ஓட்டினாலும் தட்டையான டயரின் பக்கச்சுவர் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே நசுங்கிவிடுகிறது. அப்படி இரண்டு டயர்களைக் குப்பையில் போட்டேன்.

எண்பதைத் தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்கும். எடை சமன் செய்தார்கள், நேர்ப்படுத்தினார்கள், பணம் வாங்கிக்கொண்டார்கள், நடுக்கம் போகவில்லை. கடைசியில் நானே சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோதுதான் புரிந்தது. அலாயின் நடுத்துளை வண்டியின் ஹப்பைவிட, அதாவது சக்கரம் உட்காரும் குடத்தைவிடப் பெரியது. சக்கரம் ஹப்பின் மேல் உட்காராமல் நான்கு திருகுகளிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நடுவில் போடும் வளையம் சில நூறு ரூபாய்தான். அதை மாட்டியதும் நடுக்கம் நின்றது. இதைவிட ஆபத்தான தவறு துளை வட்டத்தின், அதாவது திருகுத் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டத்தில் நடக்கும். ஃபியட் பாலியோவுக்கு 98 மி.மீ., மாருதி ஸ்விஃப்ட்டுக்கு 100 மி.மீ. இரண்டும் நான்கு துளைதான், கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும், கொஞ்சம் அழுத்தினால் ஏறியும்விடும். ஏறுகிறதே என்று மாட்டிவிடாதீர்கள். பழைய சக்கரம் வாங்கப் போகும்போது அளவுகோல் கையில் இருக்கட்டும். கடைக்காரர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள், பிறகு அளந்து பாருங்கள்.

உப்பு என்ன செய்யும் என்பதைத் தனுஷ்கோடிச் சாலையில் கற்றேன். அரிச்சல்முனையிலிருந்து திரும்பும்போது பின்சக்கரத்தில் பஞ்சர். இருட்டத் தொடங்கிவிட்டது. திருகுகள் நான்கையும் கழற்றியும் சக்கரம் அசையவில்லை. அலுமினியமும் எஃகும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால், அது பேட்டரிபோல வேலை செய்து அலுமினியத்தை அரிக்கும். அரித்த வெள்ளை மாவு இரண்டையும் ஒட்டிவிடும். உதைத்தேன், கல்லால் மரக்கட்டையை வைத்து அடித்தேன். கடைசியில் மீன் ஏற்றிவந்த வேன்காரர் ஒருவர் இறங்கி வந்து, டயரின் பக்கவாட்டில் குதிகாலால் இரண்டு உதை விட்டார்; கழன்று விழுந்தது. "வண்டி சின்னதாக இருந்தாலும் பிடிவாதம் பெரிது" என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான்கு சக்கரங்களையும் கழற்றி, ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷால் தேய்த்து, ஒட்டாமல் தடுக்கும் பசையை மெல்லியதாகப் பூசுகிறேன். முகத்தில் மட்டும், திருகின் மரையில் பூசினால் முறுக்கு விசை தப்பாகிவிடும்.

2021இல் 14 அங்குலத்துக்கு மாறினேன். அழகு குறைந்துவிட்டது என்று தம்பி சொன்னான். அவன் சென்னையில் இருக்கிறான்.

இனி உடல். பாவாடைப் பலகையின் ஓரத்தில் ஒரு விரிசல் கண்டு, இராமநாதபுரத்தில் கார் வண்ணப்பூச்சுக் கடையொன்றில் காட்டினேன். விரிசல்மேல் பட்டி தடவி, தேய்த்து, வண்ணம் அடித்துக் கொடுத்தார்கள். நான்கு மாதத்தில் அதே இடத்தில் மீண்டும் வந்தது. அப்போதுதான் வீட்டுக்கு அருகிலேயே விடை இருந்தது உறைத்தது. மண்டபம் பக்கம் கண்ணாடியிழை வள்ளங்களைப் பழுது பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். வண்டியைச் சுற்றிவந்து, விரல் முட்டியால் தட்டித் தட்டிக் கேட்டார். பிறகு, "தம்பி, இதைக் கார் என்று பார்க்காதீர்கள். கவிழ்த்துப் போட்ட வள்ளம் என்று பாருங்கள்" என்றார்.

பாவாடைப் பலகையைக் கழற்றச் சொன்னார். உள்ளே இருந்ததைக் கொட்டாங்குச்சியால் வழித்து எடுத்தோம். ஒரு பக்கம் மட்டும் அரை வாளி மணல், அத்தனையும் ஈரம். மூன்று ஆண்டுகளாகச் சட்டத்தை ஒட்டி உப்புச் சேற்றைக் கட்டிவைத்து ஓட்டியிருக்கிறேன். எஃகு செதில் செதிலாக உரிந்தது. ஓரிடத்தில் ஸ்க்ரூடிரைவரின் முனை உள்ளே போனது. வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய ஒரு வாரம் ஆனது. பலகைகளை மீண்டும் மாட்டவில்லை. சக்கர வளைவை அகலப்படுத்தும் திட்டத்தையும் அன்றைக்கே நோட்டில் அடித்துவிட்டேன். மடிப்பு எங்கே இருக்கிறதோ அங்கே மணல் குடியேறும்.

விரிசலை அவர் சரிசெய்த விதமே வேறு. மேலே தடவவில்லை. விரிசலைச் சுற்றி அகலமாக, ஓரம் நோக்கிச் சரிவாக, இழை தெரியும்வரை தேய்த்து எடுத்தார். உட்பக்கத்திலிருந்து கண்ணாடியிழைப் பாயை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ரெசின் என்ற திரவப் பிசினை ஊட்டினார். பழைய வழவழப்பின் மேல் புது ரெசின் பிடிக்காது என்பதுதான் விஷயம். வேலையை விடியற்காலையில் தொடங்கினார்; உச்சி வெயிலில் கலவை கிண்ணத்திலேயே இறுகிவிடும். இன்றுவரை அந்த இடம் தெரியவில்லை. உடலில் உள்ள திருகுகளையும் மாற்றச் சொன்னார்: சாதாரண எவர்சில்வர் போதாது, 316 ரகம் வேண்டும், கடலுக்கு அதுதான்.

இன்னொன்று. கண்ணாடியிழையில் மின்சாரம் ஓடாது. இரும்பு உடல் கொண்ட காரில் விளக்கின் எர்த்தை அருகில் உள்ள தகட்டில் முடுக்கிவிடலாம். இதில் ஒவ்வொரு விளக்குக்கும் சட்டம்வரை தனிக் கம்பி வேண்டும். கூடுதல் விளக்கு மாட்ட நினைப்பவர்கள் இதை மறந்து, விளக்கு மங்கலாக எரிகிறது என்று விளக்கை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். நான் இரண்டு விளக்கு மாற்றினேன்.

வண்ணம் சிவப்பிலேயே நிற்கிறது. நிறத்தை மாற்றினால் பதிவுச் சான்றிலும் மாற்ற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 15 ஆண்டு தாண்டிய வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அப்போது வண்டியை நேரில் காட்டியாக வேண்டும். மஞ்சள் ஆசைக்காக அந்த வரிசையில் ஒரு விளக்கம் கூடுதலாகச் சொல்லும் பொறுமை எனக்கு இல்லை. இறக்குவதையும் விட்டுவிட்டேன், ஐப்பசி மழையில் எங்கள் தெருவை ஒரு முறை பார்த்தவர்கள் காரணம் கேட்க மாட்டார்கள்.

கழுவுவதுதான் தீராத தலைவலி. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரே உவர். உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரா? காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயில் வருவதைக் குடத்தில் பிடித்து வைத்தால், அதில் இரண்டு குடம் வண்டிக்குப் போவதை அம்மா இன்றும் மன்னிக்கவில்லை. அதனால் மொட்டைமாடி மழைநீரைத் தொட்டியில் சேர்த்து, வாரம் ஒருமுறை வண்டியின் அடிப்பக்கத்துக்கு மட்டும் அடிக்கிறேன். மேலே தூசி இருந்தால் இருக்கட்டும்.

மேற்கூரைத் துணி இந்த ஆண்டு கிழியத் தொடங்கியிருக்கிறது. படகுக்குத் தார்ப்பாய் தைப்பவர் ஒருவர் அளவெடுத்துப் போயிருக்கிறார். வாடைக்காற்று தொடங்குவதற்குள் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பின்னால் இருந்த வாலையும் கழற்றியாகிவிட்டது. இப்போது அது அம்மாவின் கோழிக்கூட்டுக்கு மழைத் தாழ்வாரம்.