கோயில் மேடைக்கு எந்த இன்-இயர்: எக்ஸ்வைவா, ஷுவரா, வயரா?

திருவிழா மேடையில் நல்ல பாடகரும் சுருதி விலகுகிறார் என்றால், முதலில் பார்க்க வேண்டியது மொனிற்றரைத்தான், அதாவது பாடுபவருக்கே அவர் குரலைத் திருப்பிக் கேட்கவைக்கும் ஸ்பீக்கரை. ட்ரம்ஸ் சத்தத்துக்கு மேலாகத் தன் குரல் கேட்காமல் கத்திக் கத்தியே தொண்டை போய்விடுகிறது. அதனால் வன்னி இசைக் குழுக்கள் இன்-இயருக்கு, அதாவது காதுக்குள் வைத்துக் கேட்கும் மொனிற்றருக்கு மாறுவது மிக நல்ல விஷயம். ஆனால் எல்லோருக்கும் ஒரே செற் வாங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பலரும் முதலில் கேட்பது எக்ஸ்வைவ் யூ4 என்ற வயர்லெஸ் செற். கைக்குள் அடங்கும், ஒலி மிக்சரில் செருகினால் சரி, ஒரு ட்ரான்ஸ்மிற்றர் (அனுப்பும் கருவி) அனுப்புவதை இடுப்பில் மாட்டும் பல ரிசீவர்களில் கேட்கலாம், சத்தம் வந்துசேரும் தாமதம் 5 மில்லி செக்கனுக்குள். ஆனால் எல்லோருக்கும் ஒரே மிக்ஸ்தான் (குரலும் வாத்தியங்களும் சேர்ந்த கலவை) போகும், அதுவும் மோனோ, இரு காதிலும் ஒரே சத்தம். ஓடுவது 2.4 கிகாஹேர்ட்ஸில், முன்னால் நிற்கும் சனத்தின் போன்களின் வைஃபையும் புளூடூத்தும் அங்கேதான். பெரிங்கர் எக்ஸ்ஆர்18 மிக்சரின் சொந்த வைஃபையும் அதே இடத்தில் வந்து நிற்கும், ஆகவே அந்த மிக்சர் வைத்திருப்பவர்கள் 5 கிகாஹேர்ட்ஸ் ரவுற்றர் ஒன்றைத் தனியாக மாட்டுங்கள்.

எனக்குப் பெரிய தயக்கம் பற்றரிதான். யூ4 ஏறத்தாழ 5 மணித்தியாலம் தாங்கும், பற்றரி உள்ளேயே இருப்பதால் மாற்ற முடியாது. பூசை முடிந்து ஒன்பது மணிக்குத் தொடங்கி விடியும்வரை போகிற நிகழ்ச்சிக்கு அது எப்படிக் காணும்?

ஷுவர் பிஎஸ்எம்300 அந்த இடத்தில்தான் வெல்கிறது. அதன் பி3ஆர் ரிசீவருக்கு இரண்டு ஏஏ பற்றரி, முல்லைத்தீவிலும் மாங்குளத்திலும் எந்தக் கடையிலும் கிடைக்கும், பாட்டுக்கு இடையில் மாற்றிவிடலாம். அனலொக் யூஎச்எஃப் ரேடியோ அலையில் ஓடுவதால் தாமதம் என்று ஒன்றும் தெரியாது, வீச்சும் யூ4இன் 27 மீற்றருக்கு எதிராக 90 மீற்றர். விலை கூடத்தான். ஆனால் ஸ்ரீரியோவின் இடப்பக்கத்தில் ஆண் பாடகருக்கான மிக்ஸையும் வலப்பக்கத்தில் பெண் பாடகருக்கான மிக்ஸையும் அனுப்பி, ரிசீவரை மிக்ஸ்மோடில் போட்டு ஒருவர் இடது முழுக்க, மற்றவர் வலது முழுக்கத் திருப்பினால், ஒரே ட்ரான்ஸ்மிற்றரில் இருவருக்கும் தனித்தனி மிக்ஸ் கிடைக்கும். ரிசீவர் மட்டும் ஒன்று கூடுதலாக வாங்க வேண்டும். ட்ரான்ஸ்மிற்றரை மேடைக்கு அருகிலேயே வையுங்கள், கூட்டத்துக்குப் பின்னால் இருக்கும் மிக்சர் மேசையில் வேண்டாம்.

ட்ரம்ஸ்காரரும் கீபோட்காரரும் இருந்த இடத்தை விட்டு எழும்புவதில்லை. அவர்களுக்குப் பெரிங்கர் பி2 போதும்: வயர், இரண்டு ஏஏஏ பற்றரி, அலைவரிசைத் தொல்லையே இல்லை. மிச்சமாகும் காசில் காதை நன்றாக அடைக்கும் இயர்போன் வாங்குங்கள். வெளிச்சத்தம் உள்ளே வந்தால் வொலியூமைக் கூட்டிக்கொண்டே போவீர்கள், காது கெட்டுவிடும்.

ஆக, என் தெரிவு பாடகர்கள் இருவருக்கும் ஒரு பிஎஸ்எம்300, இருந்து வாசிப்பவர்களுக்கு வயர். தேவாலயத்திலும் சின்ன மண்டபத்திலும் மட்டுமே வாசிக்கிற குழுவென்றால் யூ4ஐத் தாராளமாக எடுக்கலாம்.

இன்னொன்று, வெளிநாட்டிலிருக்கும் மாமாவோ சித்தியோ வாங்கி அனுப்புவதாக இருந்தால் பெட்டியில் அச்சிட்டுள்ள மெகாஹேர்ட்ஸ் எண்களைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 617 முதல் 652 வரையும் 663 முதல் 698 வரையும் போன் கொம்பனிகளுக்குப் போய்விட்டதால், 2020 யூலைக்குப் பிறகு அந்த வரிசைச் செற்றுகளை அங்கே பாவிக்க முடியாது. பழைய செற் மலிவாக வந்தால் முதலில் அதைப் பாருங்கள். பிறகு அந்த எண்கள் இங்கே பாவிக்கக் கூடியவையா என்று இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேட்டுவிட்டே காசு அனுப்புங்கள்.