சொந்தக் கையால் ஒரு கிட்டார்: பட்டறை வகுப்பா, கிட் பெட்டியா, நம்மூர் ஆசாரியா?

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் கிட்டார் வாசிக்கிறவர்கள் நாலு பேர் கூடினால் ஒருத்தருக்காவது ‘நாமே ஒண்ணு செஞ்சு பாத்தா என்ன’ என்று தோன்றிவிடுகிறது. நல்ல ஆசைதான். அதற்கு வழி மூன்று. வெளியூரில் கிட்டார் செய்கிற ஒருவரின் பட்டறையில் போய்த் தங்கி, ஒன்றிரண்டு வாரம் அவர் கண்பார்வையில் முழு கிட்டாரையும் செய்து எடுத்து வருவது ஒன்று. பாகமெல்லாம் அறுத்துத் தயாராக வரும் கிட் பெட்டியை வாங்கி வீட்டிலேயே பூட்டுவது இன்னொன்று. வரைபடத்தையும் வீடியோவையும் வைத்துக்கொண்டு தெரிந்த ஆசாரியின் பட்டறையில் ஒரு மூலையைப் பிடித்துச் செய்வது மூன்றாவது. என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எலெக்ட்ரிக் என்றால் கிட், மின்சாரம் இல்லாமல் மரப்பெட்டியே ஒலிக்கிற அக்கூஸ்டிக் என்றால் வகுப்பு, ஆசாரி வழியை இரண்டாவது கிட்டாருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கிட் விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும். கழுத்தை உடம்போடு பசை போட்டு ஒட்டாமல் ஸ்குரு போட்டு முறுக்குவது ஃபெண்டர் கம்பெனி 1950-இல் சந்தைக்குக் கொண்டுவந்த எலெக்ட்ரிக் கிட்டார்களில் பிரபலமான முறை, கிட்டுகள் பெரும்பாலும் அதே வழிதான். ஸ்குரு டிரைவர், சால்டரிங் அயர்ன், உப்புத்தாள் இருந்தால் கிட்டத்தட்ட போதும். ஃப்ரெட் வெட்டு, அதாவது கழுத்தில் ஸ்வரத்துக்கொன்றாகக் குறுக்கே பதிக்கிற உலோகப் பட்டைகளுக்கான பள்ளம், மெஷினிலேயே வந்துவிடுவது பெரிய நிம்மதி, ஏனென்றால் கிட்டாரில் கணக்கு தப்பவே கூடாத இடம் அதுதான்: நட்டிலிருந்து (கழுத்தின் தலைமாட்டில் கம்பி உட்காரும் பட்டை) பிரிட்ஜ் (உடம்பில் கம்பியைப் பிடித்திருக்கும் கட்டை) வரை 650 மில்லிமீட்டர் என்றால் நட்டிலிருந்து முதல் ஃப்ரெட் 36.48-இல், பன்னிரண்டாவது சரி பாதியான 325-இல், நடுவில் இருப்பதெல்லாம் பிரிட்ஜ் வரை மிஞ்சுகிற நீளத்தை 1.05946-ஆல் வகுத்துக்கொண்டே போவது. ஒரு வெட்டு அரை மில்லி நகர்ந்தால் அந்த ஸ்வரம் கடைசி வரை பிசகுதான். கிட்டில் உங்களுக்கு மிஞ்சுவது ஃப்ரெட் மட்டம் பார்ப்பது, நட்டில் பள்ளம் அராவுவது, கம்பி உயரம் வைப்பது, பாலிஷ். சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம், வாசிக்கிறவருக்கு ஆயுசுக்கும் உதவுகிற கை வேலை இவை. கம்பியை முறுக்குகிற ட்யூனர் மட்டமாக வந்தால் மாற்றிக்கொள்ளலாம், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குகிற பிக்கப்பும் அப்படியே. கழுத்து முறுக்கிக்கொண்டு வந்திருந்தால் மட்டும் யோசிக்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஆனால் மரத்தை வளைப்பது, இழைப்பது, ஒட்டுவது எதையும் கிட் கற்றுத் தராது. அக்கூஸ்டிக் கிட்டிலும் பக்கப்பலகை வளைத்தே வருகிறது.

இனி ஆசாரி. நம்மூருக்கு இதில் உள்ள வசதி வேறு ஊருக்கு லேசில் கிடைக்காது. கதவு, கட்டில் செய்கிற நல்ல கை தெருவுக்குத் தெரு இருக்கிறது, கோவையில் லேத்துப் பட்டறைக்கும் சிஎன்சி (கம்ப்யூட்டர் ஓட்டுகிற வெட்டு மெஷின்) வைத்திருப்பவருக்கும் பஞ்சமே இல்லை, அச்சும் டெம்ப்ளேட்டும் வரைந்து கொடுத்தால் வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். பழைய வீடு இடித்த மரம் விற்கிற கடைகளில் பல வருஷம் காய்ந்த தேக்கு கிடைக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் ஈட்டி மரமும் (ரோஸ்வுட்) கிடைக்கும் (ஆணி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மெஷினில் விடுங்கள், இல்லையென்றால் அவர் பிளேடு போய்விடும், அப்புறம் உங்களுக்கு அந்தப் பக்கம் மரியாதை இருக்காது).

சிக்கல் அளவில் வருகிறது. ஆசாரி நூலில் பேசுவார், ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். அக்கூஸ்டிக் கிட்டாரின் மேல்பலகை இரண்டரை முதல் மூன்று மில்லி, அதாவது முழுசாக ஒரு நூல்கூட இல்லை. பக்கப்பலகை இரண்டு மில்லியைச் சுற்றி. ‘ஏனுங்க, இதென்னங்க அப்பளமாட்ட இருக்குது, நாலு நாள் தாங்குமுங்களா?’ என்று அவர் கேட்டால் அவர் மேல் தப்பில்லை, வாழ்நாள் முழுக்கத் தாங்குவதற்கென்றே மரம் செதுக்கியவர். இந்த மெல்லிய பலகைதான் ஸ்டீல் கம்பி என்றால் ஏறக்குறைய 70 கிலோ இழுவையைத் தாங்குகிறது, நைலான் என்றால் 40 கிலோ அளவு. தாங்க வைப்பது உள்ளே ஒட்டுகிற குச்சிகள். 19-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் அன்டோனியோ டி டோரஸ் விசிறி மாதிரி விரித்து வைத்த முறைதான் இன்றைய கிளாசிக்கல் கிட்டாரின் அடிப்படை, ஸ்டீல் கம்பிக்கு அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி நிலைநிறுத்திய எக்ஸ் வடிவம். தடிமனாக விட்டால் உடையாது, ஆனால் சத்தம் பெட்டியைத் தட்டினது போலத்தான் வரும். மெலிதாக்கிவிட்டால் சத்தம் அருமை, பிரிட்ஜ் பக்கம் வயிறு தள்ளிவிடும். எங்கே நிறுத்துவது என்பது எந்த வரைபடத்திலும் முழுசாக இல்லை, ஏனென்றால் ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகூட ஒரே விறைப்பில் இருப்பதில்லை.

பசையிலும் இதே கதை. கட்டிலுக்குப் போடுகிற வெள்ளைப் பசை விடாத இழுவையும் சூடும் சேர்ந்தால் மெல்ல நகரக்கூடியது. மே மாதம் பூட்டின காருக்குள் கிட்டார் இருந்தால் பிரிட்ஜ் எழும்புவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது.

வகுப்புக்குக் கொடுக்கிற காசு இதற்குத்தான். மரத்துக்கு இல்லை, உளிக்கும் இழைப்புளிக்கும் இல்லை. பலகையைக் கையில் வளைத்து, விரலால் தட்டிக் கேட்டு, ‘போதும், இனி இழைக்காதீங்க’ என்று சொல்ல ஒருவர் பக்கத்தில் நிற்கிறாரே, அவருக்குத்தான். கூடவே வளைக்கிற இரும்பு, அச்சு, ஒட்டும்போது அமுக்கிப் பிடிக்கிற ஏற்பாடு எல்லாம் தயாராக இருக்கும், அவற்றை நாமே செய்து சேர்ப்பதற்குள் பாதி ஆசை வடிந்துவிடும். குறை என்று பார்த்தால் செலவு மூன்றிலும் இதில்தான் அதிகம், அதைவிடப் பெரிய குறை லீவு. மில்லு, கடை, தோட்டம் என்று ஓடுகிற நம்மூர்க்காரர் இரண்டு வாரம் சேர்ந்தாற்போல் எங்கே போவது? வார இறுதிகளில் பிரித்து நடத்துகிற இடம் கிடைத்தால் தயங்காமல் அதையே எடுங்கள். நடுவில் மரம் காயவும் நாள் கிடைக்கும்.

வகுப்பில் சேர்வதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது, யாரும் கேட்பதில்லை: பட்டறையில் ஈரப்பதம் எவ்வளவு? மரம் குறுக்கு வாட்டத்தில் ஊறும், சுருங்கும், நீள வாட்டத்தில் அசையவே அசையாது என்று சொல்லலாம். மேல்பலகைக்குக் குறுக்கே குச்சியை ஒட்டிவிட்டால் பலகை சுருங்கப் பார்க்கும், குச்சி விடாது. கிட்டார் செய்கிறவர்கள் காற்றின் ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்து ஒட்டுவது இதனால்தான். கடலோர ஊரில், மழைக் காலத்தில், ஜன்னலைத் திறந்துபோட்டு ஒட்டின கிட்டாரைக் கொண்டுவந்து மார்ச்சில் ஈரோட்டிலோ கரூரிலோ வைத்தால் மேல்பலகை உள்வாங்கும், மோசமான நேரத்தில் கீறலே விடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற ஜூன், ஜூலையில் பொள்ளாச்சியில் இருக்கிற ஈரம் வேறு, அதே வீட்டில் பிப்ரவரி மதியம் வேறு. வறண்ட காற்றில் செய்து ஈரமான ஊருக்குப் போனால் கொஞ்சம் வயிறு தள்ளும், அவ்வளவுதான். தலைகீழாகப் போனால்தான் ஆபத்து. ஆசாரி வழியில் போகிறவர்களுக்கும் இது பொருந்தும், ஒரு டிஜிட்டல் ஈரமானியை வாங்கிப் பட்டறைச் சுவரில் மாட்டிவிட்டு, குச்சி ஒட்டுகிற வேலையை மட்டும் அதைப் பார்த்துச் செய்யுங்கள்.

மரத் தேர்வில் பலர் ரொம்ப மெனக்கெடுகிறார்கள். மேல்பலகைக்கான ஸ்ப்ரூஸ் என்கிற ஊசியிலை மரம் நம் பக்கம் விளைவதில்லை, எந்த வழியில் போனாலும் வெளியிலிருந்துதான் வர வேண்டும். முதுகுக்கும் பக்கத்துக்கும் ஈட்டியைவிட நல்ல பேர் எடுத்த மரம் குறைவு, அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே வளர்வது. வாங்கினால் பில்லோடு வாங்குங்கள். ஈட்டி சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017-இல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது, செய்து முடித்த இசைக் கருவிகளுக்கு 2019 கடைசியில் விலக்கு கொடுத்தார்கள். வெளிநாட்டில் இருக்கிற மகனுக்கு முழு கிட்டாராகக் கொண்டுபோவது ஒன்று, பலகையாக அனுப்புவது வேறு. தேக்கு போட்டாலும் குடி முழுகிவிடாது, எடை கொஞ்சம் குறையும், ஒட்டுவதற்கு முன் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க வேண்டும். முக்கியம் அறுத்த வாட்டம்தான்: கதவுக்கு அறுக்கிற மாதிரி இல்லாமல், வளையக் கோடுகள் பலகைக்குச் செங்குத்தாக நிற்கிற மாதிரி அறுத்தது வேண்டும்.

வகுப்புக்காரரிடம் கழுத்தை எப்படிச் சேர்ப்பார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். போல்ட் போட்டு முறுக்குகிற முறை என்றால் பத்து வருஷம் கழித்துக் கோணம் மாறினாலும் கழற்றிச் சரிசெய்யலாம். கழுத்தையும் உடம்பையும் சேர்த்தே கட்டுகிற ஸ்பானிஷ் முறை அழகு, ஆனால் பிற்பாடு கை வைப்பது கஷ்டம். முதல் கிட்டாருக்கு நான் போல்ட் பக்கம். பாலிஷ் வகுப்பு நாட்களுக்குள் முடியாது என்று அவர் சொன்னால் சந்தோஷப்படுங்கள், வெறும் மரமாகவே வாங்கி வந்து, அரக்கு பாலிஷ் தெரிந்த நம்மூர் ஆசாரியிடம் கொடுங்கள். கதவு நிலையை மெருகேற்றின கைக்கு அந்த வேலை தண்ணி பட்ட பாடு.