‘ஆறுதல் மகளிர்’, ‘பாலியல் அடிமைகள்’: எந்தச் சொல்?

மயிலாப்பூரில் கூடும் எங்கள் மொழிபெயர்ப்புக் குழுவில் இரண்டு வாரமாக இதே சண்டை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜப்பானிய ராணுவத்தின் பாலியல் விடுதிகளில் அடைக்கப்பட்ட பெண்களைத் தமிழில் எப்படிக் குறிப்பது?

துல்லியம்: முதலாவது, ‘இயான்ஃபு’ என்ற ஜப்பானியச் சொல்லின் நேர் தமிழ். யாருக்கு ஆறுதல்? ராணுவத்துக்குத்தானே! இரண்டாவது நடந்ததைச் சொல்கிறது. 1996இல் ஐ.நா.வுக்கு அறிக்கை அளித்த ராதிகா குமாரசுவாமியும் அடிமைத்தனம் என்றே வகைப்படுத்தினார்.

தேடும் வசதி: முதலாவதுதான். ஜப்பான் அரசு இதற்காக மன்னிப்புக் கேட்ட 1993 கோனோ அறிக்கையிலும் அதுவே.

பெண்களின் மனம்: இங்கேதான் தடுமாறினேன். அப்படி அடைக்கப்பட்டவர்களில் ஒருவரான கொரியப் பெண் கிம் ஹாக்-சுன் 1991இல் வெளிப்படையாகப் பேசிய பிறகு பலர் முன்வந்தார்கள். அவர்களில் சிலருக்கு ‘அடிமை’ என்ற அடையாளமே பிடிக்கவில்லை. கொரியாவில் ‘ஹல்மொனி’, அதாவது பாட்டி, என்கிறார்கள்.

போருக்குப் பின்: 1945 ஆகஸ்டில், வரவிருந்த அமெரிக்கப் படையினருக்காக ஜப்பான் அரசே விடுதிகளுக்கு ஏற்பாடு செய்தது. பசியும் ஏமாற்றும் பல பெண்களை அங்கே தள்ளின. இதற்கு இரண்டு சொல்லும் சரியாக ஒட்டவில்லை. ‘கட்டாயப் பாலியல் தொழில்’ என்றே எழுதினேன்.

ஆவணத்தை மேற்கோள் காட்டினால் முதலாவது, அதுவும் மேற்கோள்குறிக்குள். கட்டுரையாளரின் சொந்தக் குரலில் இரண்டாவது. ஒரு பெண்ணின் வாழ்க்கையைச் சொல்லும்போது அவர் பெயரையே எழுதுங்கள்.